சாவியில கை வைக்காதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் எங்கள் காருக்கு டெத் சர்டிஃபிகேட் கொடுத்தான். மச்சான் என்றால், மனைவியின் தம்பி. சிப்காட்டில் ஃபிட்டர். மெஷின் விஷயத்தில் அவன் சொல்லிவிட்டால் எங்கள் குடும்பத்தில் அப்பீல் கிடையாது.

கார் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்ட். கிளட்ச் இல்லாத வண்டிதான் வேண்டும் என்று தேடி வாங்கியது. என் மனைவி செல்விக்குச் சின்ன வயதில் வந்த போலியோவால் இடது காலில் பலம் இல்லை. சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். கார் வருவதற்கு முன் கடலூரிலிருந்து தினமும் பஸ். படியில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். கை கொடுப்பவர்கள் கூடவே பரிதாபத்தையும் கொடுப்பார்கள்... அதுதான் அவளுக்குப் பிடிக்காது.

அந்தக் கார் ஒரு வாரமாக மக்கர். கியரை ‘டி’யில் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் நகர்ந்தது.

மச்சான் வந்தான். இன்ஜினை ஆஃப் செய்தான். கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான்.

“ஆயில் ஃபுல்லா இருக்கு மாமா. கியர்பாக்ஸ்தான் காலி. வந்த விலைக்குத் தள்ளிடுங்க.”

“வித்துட்டா நான் வேலைய விட்டுட வேண்டியதுதான்” என்றாள் செல்வி. அழவில்லை. காருக்குள் இருந்த மேனுவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானோ மச்சானோ அந்தப் புத்தகத்தை ஒரு நாளாவது பிரித்திருப்போமா?

அரை மணி நேரம் கழித்து, “ரெண்டு பேரும் ஏறுங்க.”

சிப்காட் பக்கம் குடிகாடு வரை ஓட்டித் திரும்பினாள். அளவு பார்க்க ஆயில் நன்றாகச் சூடாக வேண்டுமாம், வண்டியும் சமமாக நிற்க வேண்டுமாம். எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சரிவு. அதனால் கல்யாண மண்டபத்து சிமென்ட் தரையில் நிறுத்தி, பாட்டில் தண்ணீரைக் கீழே ஊற்றச் சொன்னாள். எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது. சமதளம்!

நான் ஆர்வமாக எட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். ரயில்வே கேட்டில்கூட பெட்ரோல் மிச்சம் பிடித்த கை அல்லவா?

“சாவியில கை வைக்காதீங்க! ஓடுறப்பதான் பாக்கணும். நிறுத்துனா மேல சுத்துற ஆயிலெல்லாம் கீழ எறங்கி ஜாஸ்தியாக் காட்டும். கேள்விய முழுசாப் படிக்காம பரீட்சை எழுதுற பசங்க மாதிரியே இருக்கீங்க ரெண்டு பேரும்.”

மறுபடி ஸ்டார்ட். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு கியரிலும் நிறுத்தி எடுத்து, கடைசியில் ‘பி’க்குக் கொண்டுவந்தாள். மச்சான் கம்பியை உருவி, அவள் கொடுத்த சுத்தமான துணியால் துடைத்து, உள்ளே விட்டு மறுபடி எடுத்தான். சூடான வண்டிக்கென்று போட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது ஆயில்! நிறம் நல்ல சிவப்பு. தீய்ந்த வாடையும் இல்லை.

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே... ஆனால் ஆள் வீம்பு பிடிக்கவில்லை. “எம்மேலதான்க்கா தப்பு” என்றான். வண்டி ஆறியதும் அடியில் படுத்து, ஒரு பைப் இணைப்பில் கசிவைக் கண்டுபிடித்து டைட் வைத்தான். மேனுவலில் போட்டிருந்த அதே ஆயிலைப் பாண்டிச்சேரி வரை போய் வாங்கிவந்தான். கொஞ்சம் ஊற்றி, பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றி — எல்லாம் இன்ஜின் ஓட ஓடத்தான்.

திங்கட்கிழமை காலை ‘டி’ போட்டாள். நான் ‘ஒன்று’ சொல்ல வாயைத் திறப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. சிதம்பரம் பார்த்து, யார் கையையும் எதிர்பார்க்காமல். தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அன்று முதல் வீட்டில் ஃபேனைக்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் ஆஃப் செய்கிறேன்!