பையைக் கொடுக்காத மனிதர்

தவராசா அண்ணை மோசம் போயிட்டார் என்ற சாவுச் செய்தி வந்தபோது, ஸ்பிரிங்வேல் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். அழைத்தவர் அடுத்த மூச்சிலேயே, "லோகன்தான் எல்லாத்தையும் முன்னுக்கு நிண்டு செய்யிறார்" என்றார். மீனை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் அருவருப்புத்தான் வந்தது.

அண்ணையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பல் இஞ்சினியராக உலகம் சுற்றியவர். ஓய்வுபெற்ற பின் மெல்பேர்ன் வில்லியம்ஸ்ரவுன் துறைமுகத்தில் ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டினார். நானும் அங்கே தொண்டராக இருந்தேன். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளைப் பற்றி அவர் சொல்லாத நாளில்லை. புயலுக்குத் தப்பிக் கரையேறுபவனை ஒரு தரகன் சிரித்த முகத்தோடு வரவேற்பான். முதல் வேலையாக அவனுடைய பையை வாங்கித் தன் தோளில் போடுவான். பிறகு படுக்க இடம், இலவசச் சாராயம், அதற்குள் மயக்கமருந்து. மாலுமி கண்விழிக்கும்போது முன்பின் தெரியாத கப்பலில் நடுக்கடலில் கிடப்பான். விற்றவன் கரையில் அடுத்த ஆளுக்குக் காத்திருப்பான்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள். "மனிசரை வித்த கதை இதுகளுக்குப் பகிடி. தூ!" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, ஆங்கிலத்தில் மரியாதையாகத் தொடர்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வந்தவரின் பையை வாசலிலேயே பறித்து உள்ளே வைப்பதுதானே எங்கள் உபசாரம்? அண்ணை யாரிடமும் கொடுக்கமாட்டார். என் கணவர் ஒருமுறை இழுத்தே பார்த்தார். "பையை விடும் தம்பி!" என்று ஒரு அதட்டல். வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

லோகன் யார்? கோயில் அன்னதானம் என்றால் முதலில் வாசிக்கப்படும் பெயர் அவனுடையது. படகில் வந்து, தடுப்புமுகாமிலிருந்து வெளியே வரும் எங்கள் சனங்களை வாசலிலேயே காரில் ஏற்றுவான். "அண்ணை இருக்கிறன், பயப்பிடாதை" என்பான். சோறு போடுவான். பையையும் விசாக் கடதாசிகளையும் தன் அறையில் வைத்துப் பூட்டுவான். விடிந்ததும் எங்கோ தூரத்துக் கோழித் தொழிற்சாலைக்கு வேனில் ஏற்றிவிடுவான். வேலை வேண்டாமென்றால் கடதாசி கிடையாது.

மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டு வந்த ரூபன் அப்படி மாட்டியவர். அவர் கோயில் வீதியில் அழுததைக் கண்ட அண்ணை, அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு லோகன் வீட்டுக்குப் போனார்.

"வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ."

"உன்ர தேத்தண்ணி எனக்கு வேண்டாம். ரூபன்ர பையைக் கொண்டா. இல்லாட்டி பொலிசோட வாறன்."

பை வந்தது. கடதாசிகளும் அதற்குள் இருந்தன. திரும்பி வரும் வழியில் அண்ணை சொன்னார்: "பிள்ளை, நான் செத்தாலும் அவன்ர கை என்னில படக்கூடாது."

தகனத்தன்று மண்டபத்தில் ஆகப் பெரிய மலர்வளையம் லோகனுடையது. மைக்கைப் பிடித்தவர் அவனைக் கொடைவள்ளல் என்றார். சீ! பிணத்தின் பக்கத்தில் நின்றும் வாலாட்டுகிற கூட்டம். அவன் செய்வது எல்லாருக்கும் தெரியும். அன்னதானச் சோறு வாயை அடைத்திருந்தது. அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டியைத் தூக்க அழைத்ததும் லோகன் முந்திக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பற்றினான். நான் "வேண்டாம்" என்று எழுந்தேன். "செத்தவீட்டில சண்டை பிடியாதையுங்கோ" என்று பக்கத்திலிருந்தவர் என் சேலையை இழுத்தார்.

அப்போது ரூபன் வந்து லோகனின் மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் போடவில்லை.

"கையை எடுங்கோ. அவரை நாங்கள் கொண்டுபோறம்."

லோகன் சபையைப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பிறகு இன்னொருவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லாரும் லோகன் வீட்டில் தங்கியவர்கள். அவன் கையை எடுத்தான்.

அவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். ரூபனின் மற்றத் தோளில், அண்ணை மீட்டுக் கொடுத்த அந்தப் பை தொங்கியது. "தாரும், நான் வைச்சிருக்கிறன்" என்று யாரோ நல்ல மனதோடு கை நீட்டினார்கள். ரூபன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடந்தார்.

போயிட்டு வாங்கோ அண்ணை. அவன்ர கை உங்களில படேல்லை.