இன்னும் கொஞ்சம் தளர்த்து

இது பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று நினைப்பவர்கள் நம்ப மாட்டார்கள். போகட்டும். ஆனால் அந்த அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. சொல்லி அவளுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ராணுவத்துக்குத் தலைக்கவசம் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். குண்டு துளைக்காத துணியை அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் அழுத்தி ஓடு செய்வார்கள். அந்த ஓட்டுக்குள் தலை நோகாமல் உட்கார வழி செய்வது அவள் வேலை. உள்ளே ஒட்டும் பஞ்சு மெத்தைகள், தாடைப் பட்டை, கொக்கி எல்லாம் அவள் வடிவமைத்தவை.

பொருத்தம் பார்க்கும் அறையில் மேசைமேல் மூன்று உலோகத் தலைகள் இருக்கும். சின்னவன், நடுவன், பெரியவன் என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். ஒரு மாதமாக அவளுக்குப் பெரியவனோடுதான் மல்லுக்கட்டு. அந்த அளவுக் கவசம் காதுக்கு மேலே கடிக்கிறது என்று போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ராணுவத்தில் இருந்தான். அவன் தலை சின்னவன் அளவுதான். மூளை வளர்ந்தால்தானே தலை வளரும் என்று அவனைச் சீண்டுவாள். அந்த வாரம் அவனிடமிருந்து போன் வரவில்லை.

அன்று மதியம் மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுக்கு ஏனோ சோறு இறங்கவில்லை. நடைவழியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சர்ர்ர்...

ஒட்டியிருக்கும் மெத்தையைப் பிய்க்கும் சத்தம். பொருத்தம் பார்க்கும் அறையிலிருந்து வந்தது. அந்த அறை பூட்டியிருந்தது. சாவி அவள் கையில்.

திறந்தாள். யாருமில்லை. பெரியவனின் கவசத்திலிருந்த மெத்தைகள் அத்தனையும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. டீசலும் புகையும் கலந்த வாடை. யாரோ விளையாடுகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஒட்டினாள். வெளியே போகத் திரும்பினாள்.

சர்ர்ர்...

"அக்கா... காதுகிட்ட இன்னும் கொஞ்சம் தளர்த்து."

முதுகுக்குப் பின்னால். தம்பியின் குரல்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"எப்போடா வந்த?"

"சீக்கிரம்க்கா."

பிளேடை எடுத்தாள். காதுப் பக்க மெத்தையை மெல்லச் சீவினாள். ஒட்டினாள்.

கவசத்தின் உட்புறம் கதகதப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றியதுபோல...

"உனக்கு இது பெருசுடா."

உலோகத் தலையில் வைத்தாள். கையை எடுத்தாள்.

டக்.

தாடைக் கொக்கி தானாக மாட்டிக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

கரண்ட் வந்தது. அறையில் யாருமில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அவளைத் தரையிலிருந்து தூக்கி உட்கார வைத்தார்கள். மயக்கம் என்றார்கள். அன்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. தம்பி இல்லை. விடியற்காலையிலேயே முடிந்துவிட்டதாம்.

சில வாரம் கழித்து ஒருவர் வீடு தேடி வந்தார். தம்பியோடு இருந்த லாரி ஓட்டுநர். ஆஜானுபாகு, நிலைப்படியில் குனிந்து, கைத்தடியை ஊன்றி உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் குழந்தைபோல அழுதார். பிறகு சொன்னார்.

தம்பியின் உடலை விடிந்ததும் லாரியில் ஏற்றியது அவர்தான். மதியம் பன்னிரண்டரைக்கு மேல், திரும்பும் வழியில் தாக்கினார்கள். லாரி கவிழ்ந்தது. அவர் தலைக்கவசம் எங்கோ தெறித்துவிட்டது. பள்ளத்தில் அசைய முடியாமல் கிடந்தார். அப்போது யாரோ அவர் தலையைத் தூக்கி, ஒரு கவசத்தை மாட்டி, கொக்கியைப் போட்டார்கள். அடுத்த நொடி அதன்மேல் ஏதோ வந்து மோதியது. அது இல்லையென்றால் அவர் இல்லை.

"கண்ணைத் திறந்து பாத்தேன்க்கா. அவன்தான்."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, அடிபட்ட மயக்கத்தில் அப்படித் தெரிந்திருக்கும் என்று மெல்லச் சொன்னாள்.

அவரும் அப்படித்தான் நினைத்தாராம். ஆனால் அதே பள்ளத்தில், சற்றுத் தள்ளி இன்னொரு சிப்பாயும் கிடந்தான். பிழைத்துவிட்டான். வேறு ஆஸ்பத்திரியில் இருந்தான். இவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, தன் தலையிலும் யாரோ கவசம் மாட்டியதாக அவன் இதே கதையைச் சொன்னானாம்.

"அவனுக்கு உங்க தம்பியைத் தெரியவே தெரியாதுக்கா. அன்னைக்கு மதியம்தான் எங்ககூட வந்து சேர்ந்தான். நிறைய பேர் இருக்கிற போட்டோவைக் காட்டினேன். நேரா உங்க தம்பி மேல விரலை வெச்சான்."

அவர் கைத்தடியைக் கீழே வைத்தார்.

"உங்க தம்பி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவன்கிட்ட மட்டும் ஒண்ணு கேட்டானாம்."

"என்ன கேட்டான்?"

"'இறுக்குதா?'ன்னு."

அக்கா எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் வெளியே கேட்கவில்லை.