என் நாவலில் கையெழுத்திடுகிறவன்

ஜெராம் போகும் சாலையோரம் இளநீர் விற்கும் ஒருவன் என் நாவலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். எழுதியவன் நான். அச்சுச் செலவு என்னுடையது. வெளியீட்டு விழாவில் வந்தவர்களுக்கு மீகூனும் தேநீரும் கொடுத்தவனும் நான்தான். அன்றைக்கு விற்றது பதினெட்டுப் பிரதிகள், அதிலும் நான்கு நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் முகத்துக்காக வாங்கியவை. மிச்சத்தில் ஒரு பெட்டியை அவன் தன் கடையில் இளநீர்க் குலைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டே மாதத்தில் பெட்டி காலி.

ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன். கிள்ளானிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது. அவன் கத்தியைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

"இது என் கதைதான். கெட்ட போலீஸ்காரன் கதை. அந்தக் கெட்டவனே கையெழுத்து போட்டுத் தரேன், வேணுமா?"

அவர்கள் சிரித்துச் சிரித்து இரண்டு பிரதிகள் வாங்கினார்கள். அவனோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்க ஆள் தேவைப்பட்டபோது என்னைத்தான் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான்தான் எழுதியவன் என்று அவன் சொல்லியும் அவர்கள் "ஓ, அப்படியா சார்" என்றதோடு சரி.

அவன் என் தங்கையின் கணவன். அதற்கு முன்பு என்னோடு ஒரே தோட்டத்து லயத்தில், ஒரே சுவரைப் பங்கு போட்ட வீட்டில் வளர்ந்தவன். டா போட்டுக் கூப்பிட்டவன், தாலி கட்டிய மறுநாளிலிருந்து "மச்சான், நீங்க" என்று ஆரம்பித்தான். அந்த மரியாதையைக்கூட என்னைவிட அழகாகச் செய்கிறானே என்றுதான் எனக்குத் தோன்றியது.

நாவலில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. அது மறைக்கும் உண்மையை என் தங்கை கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் நாலு வருடமாக என் கவலை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய வீடு அவளுடையது ஒன்றுதான்.

அவன் டிடெக்டிவாக இருந்தான். எந்த நிலையத்தில் என்று நாவலிலும் எழுதவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. செரண்டா பக்கம் மோட்டார் சைக்கிள் காணாமல் போனால், சில சமயம் புகார் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவான். எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும். வண்டியைப் பறிகொடுத்தவன் சந்தோஷத்தில் காப்பிக் காசு கொடுப்பான். திருடனும் தன் பங்குக்குக் கொடுப்பான். இரண்டு பேரும் தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு வந்து ஒரே மேசையில் முறுக்குத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஜெராமில் நண்டு வாங்கி வந்து கறி வைத்தால், பெரிய கால் அவன் தட்டில்தான் விழும். "மாப்பிள்ளைக்கு ராத்திரி பகல்னு வேல" என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்திருப்பேன். எனக்குச் சின்னக் கால்களும் வெறும் ஓடும்தான். அந்தப் பெரிய காலை அவன் கடித்து உடைக்கும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அவனைக் கவிழ்த்தது கோயில். தோட்டம் விற்கப்பட்டபோது எங்கள் மாரியம்மனைச் சாலையோரத்து ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றினோம். பதினாறு வருடம் நான் அதற்குச் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது, நகராண்மைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவது, திருவிழாவுக்குப் பெர்மிட் எடுப்பது எல்லாம் என் தலையில்தான். கடிதத்துக்கு உபயம் போட முடியாது. அவனோ வெளியில் வாங்குவதில் ஒரு பகுதியைப் பொருளாக்கி அம்மனுக்குக் கொண்டுவந்தான். கொண்டுவந்த எல்லாவற்றிலும் உபயம் என்று போட்டு, தன் பெயர், பதவி, எந்த நிலையம் என்பது வரை எழுதச் சொன்னான். திருடனெல்லாம் முகத்தை மறைத்துக்கொண்டு திரியும் ஊரில் இவன் மட்டும் பெயரைப் பொறித்து வைத்தான்.

விசிறிகளின் ஒவ்வொரு இறக்கையிலும் அவன் பெயர். சுற்றும்போது படிக்க முடியவில்லை என்பது அவனுக்குக் குறை. அதனால் தீபாராதனை நேரத்தில் விசிறியை நிறுத்தச் சொல்வான். கூட்டம் வேர்த்து வழிய அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அண்ணாந்து அவனைப் படித்தது. ஐம்பது படி அரிசி வேகும் எவர்சில்வர் அண்டா, நூறு கிண்ணங்கள், குழல் விளக்குகள், நாற்காலிகள் எல்லாம் அவனே. பங்குனித் திருவிழாவில் முதல் மாலையும் பரிவட்டமும் அவனுக்கு. பெர்மிட் எடுத்தவன் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு கடிகாரத்தால். என் சம்பளத்தில் வாங்கி, அடியில் சின்ன எழுத்தில் என் பெயர் போட்டு, மண்டபச் சுவரில் நான் மாட்டிய கடிகாரம். கோயிலில் என் பெயர் இருந்த ஒரே இடம் அது. அவன் சிவப்பு எழுத்து ஓடும் மின்சாரக் கடிகாரம் ஒன்று கொண்டுவந்தான். நேரம், தேதி, பிறகு அவன் பெயர், மறுபடி நேரம். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது என்னுடையது சுவரில் இல்லை. நாற்காலிகள் அடுக்கும் அறையில், ஆணியில்லாமல் தரையில் சாய்ந்து கிடந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த வாரம் பூசாரி சாப்பிடப் போன நேரத்தில் நான் படம் எடுத்தேன். விசிறி, விளக்கு, கிண்ணம், அண்டா, கடிகாரம். என் பெயர் வெளியில் வராமல் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தெரிந்தவர் கண்ணில் படாமல் தஞ்சோங் காராங் போய்ப் படங்களை அச்செடுத்தேன். மலாயில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து, அக்கறையுள்ள பொதுமகன் என்று முடித்து, லஞ்ச ஒழிப்பு அதிகாரிகளுக்கு அனுப்பினேன். அக்கறையும் இல்லை, பொதுமகனும் இல்லை. பொறாமை பிடித்த மச்சான். அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நேர்மையான கடிதமாக இருந்திருக்கும்.

மூன்று அதிகாரிகள் வந்தார்கள். செருப்பைக் கழற்றி, கைகட்டி, மரியாதையாகத்தான் வந்தார்கள். அதில் ஒருவன் தமிழ் இளைஞன். அவன் ஒவ்வொரு பொருளாகப் படித்துச் சொல்ல, மற்ற இருவரும் எழுதிக்கொண்டார்கள். விசிறியைப் படிப்பதற்காக நிறுத்தச் சொன்னார்கள். எங்களுக்கு அது பழக்கம்தான். கோயில் தலைவர், விருந்தாளிகள் என்று நினைத்துச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அவர்கள் ரசித்துச் சாப்பிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்தபோது, அதன் அடியிலும் அவன் பெயரும் பதவியும் இருந்தன. தமிழ் இளைஞன் ஒட்டியிருந்த முந்திரியைத் தள்ளிவிட்டு அதையும் படித்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. டிடெக்டிவ் சம்பளத்தில் இவ்வளவு பக்தி எப்படி வந்தது என்று கேட்டார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. இரண்டு வருடம் உள்ளே போட்டார்கள். அவன் வாங்கியிருந்த தெருமுனை வீடு போனது, கார் போனது. தங்கை புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்த் துணி தைத்துக் காலம் தள்ளினாள். நான் ஞாயிறுதோறும் அரிசியும் மீனும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமல் "வாண்ணே" என்பாள். அவள் கைவிரல்களில் ஊசி குத்திய புள்ளிகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு வலித்தது. ஆனாலும் அவனைப் பார்க்கக் காஜாங் சிறைக்கு மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போனாளே, அதைப் பார்த்தபோது வேறு மாதிரி வலித்தது. நான் உள்ளே போயிருந்தால் யார் பஸ் ஏறியிருப்பார்கள்?

அவன் சிறையில் இருந்தபோதும் என் கடிகாரம் சுவருக்குத் திரும்பவில்லை. "அவனோடது நல்லா ஓடுதே சார்" என்றார் தலைவர். பெயர் ஓடும் இடத்தில் மட்டும் கறுப்பு டேப் ஒட்டினார்கள்.

அந்த வெறுப்பில்தான் நாவலை எழுதினேன். பெயர்களை மாற்றி, சம்பவங்களை அப்படியே வைத்தேன். ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதினேன். படம் எடுத்தது யார் என்ற இடம் வந்தபோது பேனா நின்றது. மூன்று நாள் யோசித்து, பழியைப் பூசாரி மேல் போட்டேன். எங்கள் பூசாரி தமிழ் நாவல் படிக்கிற ஆளில்லை.

புத்தகம் வருவதற்கு முன்பே அவன் வெளியே வந்துவிட்டான். அவன் தலை குனிந்து நடப்பான் என்று காத்திருந்தேன். அவனோ இளநீர்க் கடை போட்டான். விசிறி நிறுத்திய கதை, பொங்கல் கிண்ணக் கதை எல்லாவற்றையும் தானே சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தான். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது உண்மைதான், ஆனால் அவனோடு சேர்ந்து சிரித்தது. நான் இருநூற்று நாற்பது பக்கத்தில் செய்ததை அவன் ஒரு இளநீர் சீவும் நேரத்தில் செய்தான். என்னுடையதைவிட அது நன்றாகவும் இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு. தங்கை நண்டு வைத்திருந்தாள். நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம், அவள் அடுப்படியில் இருந்தாள்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்" என்றான் அவன். "கடையில சும்மா இருக்கப்ப இவளுக்கு உங்க புத்தகத்தப் படிச்சுக் காட்டினேன். நேத்துதான் முடிச்சோம். எல்லாம் சரியா எழுதிருக்கீங்க. என்னையே எனக்குப் பிடிச்சுப்போச்சு லா. ஆனா அந்தப் பூசாரி எடம் மட்டும் ஒட்டல."

"ஏன் மாப்ள?" என்றேன்.

"அவருக்குப் போன்ல டார்ச் அடிக்கவே தெரியாது. அவரு எப்படிப் படம் எடுப்பாரு? டிடெக்டிவ் கதையில டிடெக்டிவ் இதக் கேக்காம இருப்பானா?"

"கதைதானே" என்றேன்.

"கதைதான். கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க, நெசமாவே பூசாரியான்னு. ஆமாம்னு சொல்லிட்டு வரேன்." அவன் தட்டில் சோற்றைப் பிசைந்தான். "பொய் சொல்றது எனக்குப் பழக்கம்தானே."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை சட்டியோடு வந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"வக்கீலு குடுத்த ஃபைலு என் அலமாரியிலதாண்ணே இருக்கு. இவரு உள்ள போன முதல் வாரமே எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். அண்டா படமும் இருக்கு. கண்ணாடி மாதிரி தேச்சு வெச்ச அண்டா. எடுத்தவரு அதுல வயிறு பெருத்துத் தெரியறாரு. மூஞ்சிய போன் மறைச்சிருச்சு. மஞ்சக் கட்டம் போட்ட சட்ட." சட்டியை மேசையில் வைத்தாள். "அந்த வருசத் தீபாவளிக்கு நான் உனக்குத் தைச்சுக் குடுத்தது."

நாலு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் தெரிந்தேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் வாங்கிப்போன அரிசியைத் தெரிந்தேதான் களைந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அவன் திருடன் என்பது உண்மை, நான் அனுப்பியதும் உண்மைதான். ஆனால் அவள் சொன்னது அதைப் பற்றியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அந்த நேரத்திலும் இத்தனை நாள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தானே என்று அவன்மேல் பொறாமையும் வந்தது. அந்தப் பெருந்தன்மை எனக்கு வந்திருக்க வேண்டியது. அதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

தங்கை சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவினாள். இருப்பதிலேயே பெரிய காலை எடுத்தாள். அவன் தட்டைத் தாண்டி வந்து என் தட்டில் வைத்தாள்.

"அம்மா இவருக்கு வெக்கிறப்பல்லாம் நீ பாக்குறத நான் பாத்திருக்கேண்ணே. சாப்பிடு."

அவன் அம்மிக் குழவியை என் பக்கம் நகர்த்தினான். "ஓடு கெட்டியா இருக்கும் மச்சான். ஒடைச்சுத் தரவா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். நானே உடைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடாமல், நான் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.