தள்ளாடுகிறவரைக் கூட்டிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனாலும் தாயில்பட்டியிலிருந்து மதுரைக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, 1961 மாசியில் நாங்கள் போய்வந்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். முந்தின ஆடியிலிருந்து நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. காலையில் எழுந்ததும் வாந்தி. மதுவிலக்கு இருந்தாலும் காட்டுப் பக்கம் சாராயம் கிடைக்கத்தான் செய்தது. போர்மேன் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். போர்மேனைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து அறையில் ஒரு கை தவறினால் எத்தனை உயிர் போகும்.

நானும் குடி என்றுதான் நினைத்தேன். அவர் தூங்கும்போது வாயை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. கொய்யா இலையைத் தின்றுவிட்டு வருகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, "கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். அவர் தயங்காமல் ஓங்கி அடித்தார். கை சூடத்தைத் தாண்டித் தரையில் விழுந்தது. மறுபடி அடித்தார். இந்தத் தடவை பக்கத்தில் விழுந்தது. சூடம் எரிந்துகொண்டே இருந்தது. "பொய்ச் சத்தியத்துக்குக் கை போகுமாக்கும்" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

தை கடைசியில் தலைவலி பொறுக்க முடியாமல் போய், சிவகாசி டாக்டரிடம் தானே போனார். டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

காலை ஐந்து மணி பஸ். சிவகாசி ஒன்பது மைல், முப்பத்தைந்து நயா பைசா. அங்கிருந்து ஆறு மணிக்கு விருதுநகர், பதினாறு மைல், அறுபது பைசா. விருதுநகரில் ஏழு பத்துக்கு மதுரை பஸ், முப்பது மைல், ஒரு ரூபாய் பத்து. பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள், குலுக்கலில் தலைவலி கூடிவிடும். நான் வெட்கப்பட்டு அவரைப் பின்னால் விட்டுவிட்டு, முன்னால் பெண்களோடு உட்கார்ந்தேன். திருத்தங்கல் வளைவில் அவர் சரிந்து விழுந்தார். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டே முக்காலுக்கு மதுரை. ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டி எட்டணா கேட்பான், ஆறணாவுக்கு வருவான். பத்து மணிக்கு மேல் போனால் சீட்டு கிடைக்காது. சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். புருசன் பேரை நான் எப்படிச் சொல்வது? அவரே சொன்னார். நாக்குக் குழறலைக் கேட்டுச் சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

டாக்டருக்கு ஐம்பது வயசிருக்கும். சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள். மருந்து எழுதுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் பார்த்தார். முட்டியில் சுத்தியலால் தட்டினார். தரைக் கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். இவர் வலது பக்கமே சாய்ந்தார். பிறகு தன் விரலை நீட்டி, "உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க" என்றார். இடது கை சரியாகத் தொட்டது. வலது கை ஆடிக்கொண்டே போய், விரலைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றது.

சூடத்தை அடித்ததும் அந்தக் கைதான். பெஞ்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாந்தி எப்பம்மா வருது?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"எந்திரிச்ச ஒடனேங்கய்யா. பல்லுகூட வெளக்கியிருக்க மாட்டாக."

"குமட்டல் இருக்கா?"

"இல்லீங்க. ஓங்கரிக்கக்கூட மாட்டாக. சடார்னு வரும். வந்ததுக்கப்புறம் தலவலி கொஞ்சம் விட்டிருச்சும்பாக."

"இதைக் கேட்டுக்கோங்க. இந்தம்மா நல்லாக் கவனிச்சிருக்காங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் கவனித்தது இவரைத் திட்டுவதற்காக. அதை எப்படிச் சொல்வேன்?

இருட்டறையில் சின்ன விளக்கால் கண்ணுக்குள் பார்த்தார். ஒரு பிள்ளை, முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாமா என்று கேட்டது. கூடாது, கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் இருக்கிறது, இப்போது நீர் எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்றார். தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். "பின்மண்டையில வலது பக்கம் கட்டி இருக்கிற மாதிரித் தெரியுது. நடையும் கையும் தடுமாறாமப் பாத்துக்கிற இடம் அது. மெட்ராசுலதான் ஆப்பரேசன் செய்வாங்க. சீக்கிரம் போகணும்."

இவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப இது குடி இல்லியேய்யா?"

"இல்ல. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இவர் சிரித்தார். கட்டி என்று கேட்டுச் சிரித்த ஆளை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். ஏறும்போது கண்டக்டர் மறித்தார். "தண்ணியப் போட்ட ஆள ஏத்த மாட்டேன். எறங்கச் சொல்லும்மா."

"தண்ணி இல்லய்யா. மண்டையில கட்டி. பெரியாஸ்பத்திரில சொல்லியிருக்காக."

கண்டக்டர் முன் சீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் குனிந்து, "பின்னாடி இருக்கவுகளுக்குக் கேட்டிருக்காது புள்ள. இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் காப்பிக்கடையில் சொன்னேன். சிவகாசியில் ஏறின எங்கள் ஊர்க்காரர்களிடம், அவர்கள் கேட்காமலேயே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் மெட்ராசுக்குப் போனோம். ஆப்பரேசன் முடிந்து ஆறாம் நாள் இறந்துபோனார். டாக்டர்கள் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போர்மேன் வந்து, "தப்பா நெனச்சுட்டோம் தாயி" என்று அழுதார். அவர் அழுததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாந்தி எப்போது வருகிறது, எந்தக் கை தவறுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரேக்கு நிகராக டாக்டர் அதைக் கேட்கிறார். குடிக்க வெந்நீர், மாற்றுத் துணி, தலைக்கு வைக்க ஒரு சின்னத் தலையணை வேண்டும். நோயாளியை நடுச் சீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கழுத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். அவரிடம் மட்டும், "நானும் தப்பா நெனச்சுட்டேங்க" என்று சொல்லவில்லை. ஆப்பரேசன் முடிந்து எழுந்து உட்காரட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். மதுரையிலிருந்து தாயில்பட்டிக்கு நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லிவிடலாம்.