ஒற்றை சீட்டு வைத்த கேம்பர் பாக்ஸ்

1. எல்லோரும் பார்ப்பது கட்டிலைத்தான்

பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றும் கேம்பர் வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கட்டிலைத்தான் பார்ப்பார்கள். மெத்தையை அமுக்குவார்கள், லைட்டைப் போட்டு அணைப்பார்கள், அலமாரியைத் திறந்து திறந்து மூடுவார்கள். "உங்க பிக்கப் எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சார், இது ஹோட்டல் ரூம் இல்ல. உங்க வண்டி முதுகுல ஏறி உக்காரப் போற சுமை" என்று எத்தனை பேரிடம் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்!

நான் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பாடி பில்டிங் வொர்க்ஷாப்பில் ஃபோர்மேன். பெயர் சேவியர், ஊர் குளச்சல் பக்கம். முதலில் நாங்கள் செய்ததெல்லாம் சில்லர் பாக்ஸ், அதாவது மீனும் காய்கறியும் கெடாமல் கொண்டுபோக வண்டியில் ஏற்றும் குளிர்பெட்டி. அப்புறம் லீவு நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு பாலைவனத்தில் போய்த் தங்குகிற பைத்தியம் எல்லோருக்கும் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் ரெடிமேட் கேம்பர் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதே சில்லர் பேனலில் ஜன்னல் வெட்டி, உள்ளே கட்டில் போட்டு, பிக்கப்பின் பின்னால் தூக்கி வைத்தால் என்ன என்று முதலாளி யோசித்தார். ஆறேழு பேர் சேர்ந்து அப்படித்தான் இந்த வேலையை ஆரம்பித்தோம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். கூரையைத் தூக்கினால் கேன்வாஸ் சுவர் விரிகிற மாடல் ஒன்று உண்டு. விலை குறைவு, எடையும் குறைவு. ஊட்டிக்குப் போக அது போதும். இங்கே ஜூலை மாதத்தில் அதற்குள் ஏசி போடுவதும் ஒன்றுதான், பாலைவனத்துக்கே ஏசி போடுவதும் ஒன்றுதான். காற்று கொஞ்சம் எழும்பினால் டீயில் மணல் கிடக்கும். ஆகவே நான் கெட்டிச் சுவர் பாக்ஸைத்தான் சொல்வேன். செலவைக் குறைக்க வேண்டுமா, பாத்ரூமை வெட்டு, பெரிய ஃப்ரிட்ஜை வெட்டு, அழகுக்கு ஒட்டும் மரப்பலகையை வெட்டு. பேனல், கதவு ரப்பர், சேசிஸோடு பாக்ஸைப் பிடிக்கிற கிளாம்ப் இந்த மூன்றிலும் கை வைக்காதே. பேனலை வெட்டுவதற்கு முன்னால், வண்டிக்கு பாஸ் போடுகிற டெஸ்டிங் சென்டரில் போய்க் கேள். செய்து முடித்துவிட்டுக் கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு பாக்ஸில் நாங்கள் விட்ட கோட்டையை எங்களில் ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

2. டேப் ஒட்டின வீடு

வரதராஜன் சார் அபுதாபியின் மேற்குப் பக்கம் ஒரு கேஸ் பிளான்ட்டில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். திருச்சிக்காரர். பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் சீக்கு என்று குடும்பம் ஊரிலேயே இருந்துவிட்டது. அவர் வாலிபத்தில் வந்தவர், தலை நரைக்கும் வரைக்கும் கம்பெனி கேம்பில் ஒரே மாதிரி ரூமில் பேச்சிலராகவே காலம் தள்ளினார். ஒரு வெள்ளிக்கிழமை பழைய பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சேவியர், எனக்கு இந்த ஊர்ல பிளான்ட் தெரியும், கேம்ப் தெரியும், ஏர்போர்ட் தெரியும். நடுவுல இருக்கற ரோடு தெரியும். வேற ஒண்ணும் தெரியாதுய்யா. ரிட்டயர் ஆகப் போறேன். விசா கேன்சல் பண்றதுக்குள்ள என் வைஃப் லலிதாவக் கூட்டிக்கிட்டு ஒமான் பூரா சுத்தணும். சலாலா வரைக்கும்."

"லலிதா அம்மா இங்கேயா இருக்காங்க?"

"விசிட்ல வரப் போறா. அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல. இத்தனை வருஷம் தனியா கெடந்தது போதாதா, நேரா வீட்டுக்கு வந்து சேருங்கங்கறா." பிக்கப் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "நேரா வீட்டுக்குப் போனா நாங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. லீவுல போனா கல்யாணம், பேங்க், சொந்தக்காரங்க வீடுன்னு ஓடிப் போயிடும். நானும் அவளும் மட்டும் இருந்ததே கம்மி. ஒரு சின்ன இடத்துல கொஞ்ச நாள் இருந்தா பழகிடும்னு நெனைக்கறேன். அவ வரலேன்னா எனக்கு இந்த பாக்ஸே வேண்டாம், சொல்லிட்டேன்."

எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது. ரெடிமேட் எதுவும் அவர் கைக்கு எட்டாது. நாங்களே செய்வது என்று முடிவாயிற்று.

எங்கள் வொர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பேனல் வெட்டுவதற்கு முன்னால் பாக்ஸின் முழு அளவையும் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுவோம். கஸ்டமர் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் போய்ப் படுக்க வேண்டும், உட்கார வேண்டும், டீ போடுகிற மாதிரி கையை நீட்ட வேண்டும். பேப்பரில் பெரிதாகத் தெரிவது அங்கே பல்லிளித்துவிடும்.

வரதராஜன் சார் இதை அவ்வளவு ஆசையாகச் செய்தார். படுத்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்தார். "இங்க ஒரு சீட்டு. இதுக்கு முன்னாடி மடக்கற டேபிள். தலைமாட்டுல ஒரு லைட்டு, போன் சார்ஜ் போட ஒரு பிளக். டவல் காய ஒரு ஹூக்கு." வண்டியின் கேபினுக்கு மேலே வரும் கட்டில் நல்ல அகலம். அதில் பாதியை சூட்கேஸ் வைக்க ஒதுக்கச் சொன்னார். மீதியைச் சுற்றி இழுத்து மூட ஒரு கர்ட்டன் கம்பி. பக்கத்தில் பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு லாக்கர்.

பேனல் வேலை பார்க்கும் பெஷாவர்க்காரர் இக்பால் பாய் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "ஏக்தம் அப்னா ரூம் ஜைசா!" அப்படியே நம்ம ரூம் மாதிரியே இருக்கிறதாம். எல்லோரும் சிரித்தோம். சாருக்கும் பெருமை தாங்கவில்லை.

பாக்ஸ் முடிந்ததும் பிக்கப்பில் ஏற்றி, தண்ணீர் டேங்கை நிரப்பி, எடை மேடைக்குக் கொண்டுபோனோம். சார் தனியாக ஓட்டி ஏற்றினார். வண்டி தாங்கக்கூடிய எடைக்குள் வந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. "பாத்தீங்களா சார், மெலிஞ்ச பாக்ஸு" என்று நானும் பீற்றிக்கொண்டேன்.

3. லலிதா அம்மா ஏறிப் பார்த்தார்

டெலிவரி அன்று காலையில் இருவரும் வந்தார்கள். லலிதா அம்மா முந்தின நாள்தான் ஃபிளைட்டில் வந்து இறங்கியிருந்தார். பருத்திப் புடவை, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் தூக்கக் கலக்கம். சார் புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் ஓடி, படியை இழுத்துப் போட்டு, கதவைத் திறந்தார். முதலில் அவர் ஏறினார். ஏறின வேகத்தில் பழக்கப்பட்ட மாதிரி சீட்டில் உட்கார்ந்து, டேபிளை இறக்கி, "எப்படி?" என்று கேட்டார்.

அம்மா உள்ளே ஏறி நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நானும் இக்பால் பாயும் கதவுப் பக்கம் நின்றோம். அவர் கட்டிலைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், ஹூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்குங்க. நான் எங்க உக்காரட்டும்?"

சார் சட்டென்று எழுந்தார். "இங்க, இங்க உக்காரு."

"அப்ப நீங்க?"

சார் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். உட்கார இடமில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு சீட்டு, ஒரு லைட்டு, ஒரு பிளக், ஒரு ஹூக்கு. கட்டிலில் மிச்சமிருந்த அகலம் கேம்பில் போடுகிற ஒற்றைக் கட்டிலின் அகலம்.

"இந்தப் பூட்டு எதுக்கு? என்கிட்டேருந்தா பூட்டி வைக்கறீங்க?"

"இல்ல லலிதா, அது வந்து... ரூம்ல எப்பவும்..."

அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக இறங்கி என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க அண்ணா, ரெண்டு பேருக்குன்னு அவர் சொல்லலியா?"

"சொன்னாரும்மா. முதல் நாளே சொன்னாரு."

"அப்ப உங்க யாருக்குமே தோணலியா?"

இந்த வொர்க்ஷாப்பில் இருக்கிற அத்தனை பேரும் பெட் ஸ்பேஸ் ஆட்கள். ஒரு ரூமில் எத்தனை பேர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு கர்ட்டன், ஒரு பூட்டு, ஒரு பிளக். எங்களுக்கு வீடு என்றால் அவ்வளவுதான். அதனால்தான் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

"எங்க யாருக்குமே தோணலம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நான் ஊருக்கே போறேன். நீங்க இதுல நல்லா சுத்திட்டு வாங்க" என்று சாரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் வந்த டாக்ஸியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சார் பாக்ஸின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "டேப் ஒட்டிப் பாத்தோமே சேவியர். நாள் பூரா அவளையேதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். சத்தியமா." அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. "இத வித்துடுங்க. அவ இல்லாம எனக்கு எதுக்கு இது?"

எனக்குத் துக்கம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "விக்கிறதுக்கு இது என்ன கத்தரிக்காயா? பேசாம இருங்க சார்" என்று அவரையே அதட்டிவிட்டேன். பிறகு டாக்ஸிக்குப் போனேன். கண்ணாடி இறங்கியிருந்தது.

"அம்மா, ஒரே நாள் குடுங்க. எங்க இடிக்கணுமோ இடிச்சு மாத்தித் தாறேன். ஆனா அவரா சொன்னா திரும்பவும் இப்படித்தான் வரும். நீங்க வந்து சொல்லணும்."

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண? எங்க வீட்டு சாப்பாட்டு மேஜைல அவரு நாற்காலின்னு ஒண்ணு இருக்கு. அதுல எப்பவும் அயர்ன் பண்ண வேண்டிய துணி குமிஞ்சு கெடக்கும். அவரு லீவுல வர்ற அன்னிக்குத்தான் எடுத்துப் போடுவோம். திரும்பிப் போன மறுநாளே துணி மறுபடி ஏறிடும். நானும் அதத்தான பண்ணிருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கினார். படியில் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்து, "எந்திரிங்க, வழிய மறிச்சிக்கிட்டு" என்றார். உள்ளே ஏறி நேராக என்னிடம், "டேப் இருந்தாக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

4. இரண்டாவது எடை

அலமாரியில் பாதி போயிற்று. அந்த இடத்தில் இன்னொரு சீட்டு. "பக்கத்துல பக்கத்துல போடட்டுமா, எதிரெதிரா போடட்டுமா?" என்று கேட்டேன். சார், பக்கத்தில் போட்டால் இடம் மிச்சம் என்றார். "எதிர்லயே போடுங்க. மூஞ்சியப் பாத்துப் பேசிப் பழகணும்" என்றார் அம்மா. சூட்கேஸ் பலகை கழன்றது, கட்டில் முழு அகலத்துக்கு வந்தது. லாக்கரின் கொண்டியை இக்பால் பாய் தானாகவே கிரைண்டரால் அறுத்து எறிந்தார். கர்ட்டன் கம்பியையும் கழற்றப் போனபோது அம்மா தடுத்தார். "அது இருக்கட்டும். காலைல வெயில் அடிக்கும்ல."

சூட்கேஸ்கள் துணிப் பைகளாக மாறின. இந்த முறை எடை மேடையில் இருவரையும் முன் சீட்டில் உட்காரவைத்துத்தான் ஏற்றினோம். சரியாக இருந்தது. "மிச்சம்னு சொல்ல ஒண்ணுமில்ல சார்" என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டுச் சாருக்கு மறுபடி முகத்தில் சிரிப்பு வந்தது.

அவர்கள் ஒமான் பார்டர் தாண்டினார்கள். சலாலாவிலிருந்து அம்மா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். மடக்கு டேபிளில் இரண்டு டம்ளர், எதிர் சீட்டில் சார் வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஓயாம பேசறாரு அண்ணா, காதே வலிக்குது" என்று கீழே எழுதியிருந்தது.

வேலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எடை பார், பேனல் பார், கிளாம்ப் பார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், கூட வரப்போகிற ஆளைக் கூட்டிவரச் சொல். அவர் வராமல் டேப் ஒட்டாதே. தனியாக வந்து நின்று "ரெண்டு பேருக்கு" என்று சொல்கிறவனின் கணக்கை நம்பாதே. பொய் சொல்ல மாட்டான், ஆனால் தனியாக இருந்து இருந்து அவனுக்கு இரண்டாவது ஆள் எவ்வளவு இடம் அடைப்பாள் என்பது மறந்திருக்கும்.

அந்தப் படம் வந்த சாயங்காலம் டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி ரோஸ்லின் வழக்கம்போல, "சாப்பிட்டாச்சா? அங்க சூடு எப்படி?" என்று கேட்டாள். இரண்டுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை.

"எட்டி, மேசைக்கிட்ட ஒரு நாற்காலி கூடுதலா வாங்கிப் போடு" என்றேன்.

"எதுக்கு?" என்றாள். "வீட்டுக்கு ஆரும் வாராவளா?"