முந்தானை ஒளிர்ந்த மத்தியானம்

எழுபதுகளில் கேரள எல்லையிலிருக்கும் எங்கள் மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிக்குப் புதிதாக ஒரு விளக்கு வந்தது. இருட்டில் பிடித்தால் கள்ளச்சரக்கு பளபளக்குமாம். அபினோ, அதைப்போல ஆலையில் செய்த பொடியோ, எதுவும் தப்பாது என்று அங்கிருந்த மலையாளி அதிகாரிக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதில் நான் மாட்டினேன்.

என் அக்காவுக்கு வயிற்றில் புற்று. கோயம்புத்தூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதினார். அபின் செய்கிற வேலையை இதுவும் செய்யும், ஆனால் செடியிலிருந்து எடுத்ததில்லை, ஆலையில் செய்தது என்றார். அக்காவால் மாத்திரையை விழுங்க முடியாது. மருந்துக்கடைக்காரர் பொடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இந்த மாதிரி மருந்துக்குச் சீட்டைக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் கையில் பேர் எழுதாத பொட்டலங்கள்தான் மிச்சம். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு பொள்ளாச்சியில் பஸ் ஏறினேன்.

புருஷன் போனபிறகு எனக்கு வெள்ளைச் சேலைதான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளையானாலும் பளிச்சென்று கட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கடையில் புதிதாக வந்திருந்த வெளுப்புப் பொடியை அலசுகிற தண்ணீரில் தாராளமாகவே போடுவேன்.

சாவடியில் முடிச்சைப் பார்த்துவிட்டார்கள். மட்ட மத்தியானம். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, அதிகாரி விளக்கை முடிச்சுக்குக் கிட்டே பிடித்தார். முடிச்சு நீலம் பாய்ந்த வெள்ளையாகப் பளபளத்தது.

"கண்டோ? இதை லேபுக்கு அயக்கணும். ரிசல்ட் வந்தாத்தான் திருப்பித் தர முடியும்," என்றார்.

"ஏனுங்க, அது வர்ற வரைக்கும் எங்கக்கா வலியில கத்திக்கிட்டே கெடக்கோணுமுங்களா?" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையும் பளபளத்தது. கூட நின்ற காவலர் சிரித்துவிட்டார். அதிகாரி விளக்கை என் தோளிலிருந்து கால்வரை காட்டினார். சேலை முழுக்க ஜெகஜ்ஜோதி. பிறகு முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, பொடியின்மேல் பிடித்தார். அது மங்கிப்போய்க் கிடந்தது.

"சும்மா தலைவலிப் பொடி. கொண்டு போய்க்கோங்க," என்றார்.

அவர் தேடின சரக்கே அதுதான். விளக்குக்கு என் சேலையில் ஏறிய வெளுப்புப் பொடி தெரிந்தது, மருந்து தெரியவில்லை. நான் வாயைத் திறப்பேனா? மறுபடி முடிந்துகொண்டு நடையைக் கட்டினேன்.

வீடு சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலிலேயே அக்காவின் முனகல் கேட்டது. பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஓடினேன். அரிக்கேன் விளக்கை எடுத்துவந்து முகத்துக்குக் கிட்டே பிடித்தேன்.

கண்ணைத் திறக்காமலே அக்கா சொன்னாள்:

"வெளக்க அமத்து புள்ள. தூக்கம் வருது."