ஜெபக் கூட்டத்தில் வந்த தூக்கம்

பஸ் நிறைய பிள்ளைகள் இருக்க, ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே தூங்கினவன் நான். சபையாரே, அதைத்தான் இன்னைக்குச் சொல்ல வந்திருக்கேன். கேட்டுட்டு யாராவது ஏசினாலும் சரி, வாங்கிக்கிடுதேன்.

எண்பத்தஞ்சு மழைக்காலம். பம்பாய்ல, வீடு தாராவியில. மாட்டுங்காவில ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். செம்பூர், திலக் நகர்ல பிள்ளைகளை ஏத்திக்கிட்டு சயான் வழியா வரணும். காலையில எந்திரிச்சா தலை அம்மிக்கல்லு மாதிரி கனக்கும். ராத்திரி படுத்துத்தான் கிடந்தேன், ஆனா தூங்கின மாதிரியே இருக்காது. சிக்னல்ல நின்னா கண்ணு சொருகிரும். பின்னால டாக்ஸிக்காரன், "ஏ பஸ்வாலா, ஸோ கயா க்யா?"ன்னு கத்துவான். தூங்கிட்டியான்னு அவன் கேலிக்குத்தான் கேப்பான். நான் நிசமாவே தூங்கியிருப்பேன்.

ஒரு நாள் சயான் கிட்ட பஸ் ரோட்டு நடுக்கட்டையில ஏறிட்டுது. திடுக்குன்னு முழிச்சு பிரேக்கை மிதிச்சேன். ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை, ஸ்தோத்திரம். முன்சீட்டுல இருந்த சின்னக்குட்டி ஒருத்தி, "டிரைவர் அங்கிள், இன்னொரு தடவை!"ன்னு கைதட்டிச் சிரிச்சா. ஐயோ, அந்தக் கைதட்டுச் சத்தம் என் காதைவிட்டுப் போகவே இல்லை. உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டேன். எத்தனை நாளைக்கு லீவு போட? எனக்கு வேற தொழிலும் தெரியாது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. டீ ஜாஸ்தி குடிக்கேன்னாங்க, நிறுத்தினேன். வீட்டுக்கு மேல் மாடியில ராத்திரியும் ஓடுற தையல் மிஷின் சத்தம்னாங்க. காதுல பஞ்சு வச்சேன். மனக்கவலைன்னாங்க, கவலை எனக்கு அதுக்கப்புறம்தான் வந்துது. தெருமுனை டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டா மறுநாள் இன்னும் மோசம்.

எங்க ஜெபக்குழுப் பெரியவர் மட்டும் தீர்மானமாச் சொன்னார்: "தம்பி, இது தூக்க ஆவி. பிரசங்கத்துலயே குறட்டை விடுதீரே, வேற என்ன?" அதுக்கு உபவாசமும் முழு ராத்திரி ஜெபமும் வச்சாங்க. நான் தூக்கம் இல்லாம செத்துக்கிட்டு இருக்கேன், என்னை விடிய விடிய முழிக்க வச்சாங்க! டீ ஆகாதுன்னவங்களே கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாங்க. நானும் குடிச்சிட்டு, "ஆண்டவரே, இந்தத் தூக்கத்தை என்னைவிட்டு எடுத்துரும்"னு கதறினேன். மறுநாள் நடக்கும்போதே தூங்கினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு எங்க வீட்டுலயே உபவாச ஜெபம். மிஷின் எல்லாம் லீவு, சத்தமே இல்லை. மௌன ஜெபம்னு எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் சுவர்ல சாஞ்சேன். சாஞ்சவன் அப்படியே சரிஞ்சு மல்லாந்துட்டேன். குறட்டைன்னா குறட்டை, வீடே அதிர்ந்துதாம். இதுக்கு மேல நடந்தது பிறகு மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரியவர் ஆவியை அதட்ட எந்திரிச்சிருக்கார். என் பொண்டாட்டி கிரேஸ் வெக்கத்துல என்னைக் கிள்ள வந்திருக்கா. அன்னைக்குப் புதுசா வந்திருந்த ராஜாத்தி அக்கா, ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பாக்கவங்க, கையை நீட்டித் தடுத்திருக்காங்க.

"அவரை எழுப்பாதீங்க. அண்ணே, நீங்களும் உக்காருங்க. எல்லாரும் காது கொடுத்துக் கேளுங்க."

குறட்டை சட்டுனு நின்னிருக்கு. மூச்சும் நின்னிருக்கு. நெஞ்சு தூக்குது, காத்து உள்ள போகலை. கிரேஸ் அலறப் போற நேரத்துல, தண்ணியில முங்கினவன் மாதிரி திணறி மூச்சை இழுத்திருக்கேன். திரும்பக் குறட்டை. திரும்ப நின்னிருக்கு.

"ஐயையோ அக்கா, தினமும் இப்படித்தான் நிக்கும். அப்பாடா, சத்தம் நின்னுதுன்னு நான் நிம்மதியாத் தூங்கிருவேனே!"ன்னு கிரேஸ் அழுதாளாம்.

எழுப்பி உக்கார வச்சு அக்கா சொன்னாங்க: "தம்பி, உங்களுக்குத் தூக்கம் கூடிப்போகலை. தூக்கமே இல்லை. மூச்சு அடைக்கும்போதெல்லாம் உடம்பு உங்களை உலுக்கி எழுப்புது. அது உங்களுக்கே தெரியலை."

மறுநாளே தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தொண்டைச் சதை வீங்கி வழியை அடைச்சிருக்கு, உடம்பு எடையும் ஜாஸ்தி, மல்லாந்து படுத்தா நாக்கும் பின்னால சரியுதுன்னார். தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது, அது தொண்டையை இன்னும் தளர்த்திரும்னார். ஆபரேஷன் ஆச்சு. சோத்தைக் குறைச்சேன். கிரேஸ் பனியன் முதுகுல பை தச்சு ஒரு ரப்பர் பந்தை உள்ள வச்சா. மல்லாந்தா குத்தும், தானா ஒருக்களிச்சிருவேன். பள்ளிக்கூடத்துல உண்மையைச் சொன்னேன். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் பஸ்ஸைக் கழுவுற வேலை கொடுத்தாங்க. வேலையைவிட்டுத் தூக்காததே பெரிய கிருபை.

கொஞ்ச மாசம் போயி ஒரு காலை, தலை கனக்காம எந்திரிச்சேன். "கிரேஸ், தூங்கிட்டேன்டி"ன்னேன். ரெண்டு பேருக்கும் அழுகை நிக்கலை. பஸ்ஸைத் திரும்ப எடுத்த அன்னைக்கு அந்தச் சின்னக்குட்டி, "அங்கிள், அந்தக் கட்டை மேல ஏத்துங்க"ன்னா. "இனி ஏறாது, கண்ணு"ன்னேன்.

எதை எடுத்துப்போடும்னு நான் கெஞ்சினேனோ, அந்தத் தூக்கத்தையே ஆண்டவர் எல்லார் நடுவுலயும் வரவச்சு எனக்குப் பதில் கொடுத்தார். அன்னைக்கு நான் பல்லைக் கடிச்சு முழிச்சிருந்தா என் நோவு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? அதனால சொல்லுதேன், வெக்கப்பட்டு மறைக்கிற காரியத்தையும் அவர் முன்னால வையுங்க. அவர் யாரை அனுப்புதாரோ அவங்க சொல்றதைக் கேளுங்க.

இப்பவும் எங்க சபையில பிரசங்கத்துல யாராவது குறட்டை விட்டா ஒருத்தரும் முறைக்க மாட்டாங்க. பெரியவரே மெல்ல எந்திரிச்சுப் போய் பக்கத்துல உக்காந்து, மூச்சு சீரா வருதான்னு காது கொடுத்துக் கேப்பார்.